இரண்டாம் பாகம் எதற்கு?

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'இந்தியன் 2' வெளியான வாரத்தில் என் அண்ணன் மகன் என்னைப் படத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. முதல் 'இந்தியன்' வெளிவந்த 1996-ல் அவன் பிறக்கவே இல்லை. எனக்கு அப்போது பதினேழு பதினெட்டு வயது. பெற்ற மகனையே கத்தியால் குத்திக் கொன்ற கிழவர் சேனாபதியைப் பார்த்துவிட்டு வந்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்ததைப் பற்றி நான் அவனிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். அப்படித் தூக்கம் கெடுவது எப்படியிருக்கும் என்று தானும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவன் டிக்கட் வாங்கியிருக்க வேண்டும்.

படம் முடிந்தது. முடிந்தது என்றா சொன்னேன்? கடைசிக் காட்சிக்குப் பிறகு மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் ஓடிற்று. பையன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சித்தப்பா, நாம படம் பாத்தோமா, இல்லே அடுத்த படத்துக்கு விளம்பரம் பாத்தோமா?"

நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவனே மறுபடியும் ஆரம்பித்தான். "நல்லா ஓடின படத்தை அப்படியே விட்டுட்டா என்ன? எதுக்கு ரெண்டு, மூணுன்னு இழுக்கணும்?"

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் 'இழுக்கக் கூடாது' என்று ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தனியாக ஒரு தகுதி உண்டு. அது பெருமைப்படத்தக்க தகுதி அல்ல. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

முதலில் படமெடுப்பவர்களின் கட்சியைப் பார்க்கலாம். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டிவிட்டுப் பேனாவை மூடி வைப்பது சுலபம். ஆனால் கோடிக் கணக்கில் பணத்தைக் கொட்டுகிறவன் எதை நம்பிக் கொட்டுவான்? புதுக் கதை என்பது முன்பின் தெரியாத ஊரில் கடை திறப்பதைப் போன்றது. ஏற்கெனவே ஜெயித்த பெயர் என்பது ஜனங்கள் வழி கேட்காமல் வந்து சேருகிற கடை. ஆகவே பழைய பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைச் சேர்க்கத் தோன்றுவது இயற்கை. 2018-ஆம் ஆண்டில் மட்டும் தமிழில் 'விஸ்வரூபம்', 'சாமி', 'சண்டக்கோழி', 'எந்திரன்' ஆகிய நான்குக்கும் அடுத்த பாகங்கள் வந்தன. 'எந்திரன்' பெயரைக்கூட உதறிவிட்டு '2.0' என்று எண்ணையே பெயராக்கிக்கொண்டது.

பார்க்கிறவர்களாகிய நாமும் இதில் பங்காளிகள்தாம். மனசுக்குப் பிடித்தவர்களைப் பிரிய நமக்கு இஷ்டமில்லை. 'பொன்னியின் செல்வ'னைக் கல்கி 1954-ல் முடித்தபோது, அத்தனை வருஷம் படித்தும் திருப்தியடையாத வாசகர்கள், 'அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள்?' என்று கேட்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஆசை அடங்கவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அந்தக் கதையைத் தொடர்ந்தார். அவருக்குப் பின்னும் அந்தப் பாத்திரங்களைத் தேடிப் போனவர்கள் உண்டு. எனவே தொடர வேண்டும் என்ற ஆசையில் குற்றமில்லை. எதைத் தொடருகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என் அபிப்பிராயம் இது. எந்த நல்ல கதையும் முடியும்போது ஒரு கடனை வைத்துவிட்டுத்தான் முடிகிறது. கதாநாயகன் ஜெயித்திருக்கலாம். ஆனால் அந்த ஜெயத்துக்கு அவன் கொடுத்த விலை, அல்லது பிறரைக் கொடுக்க வைத்த விலை, திரை விழுந்த பிறகும் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியை வசூலிக்க வருகிற இரண்டாம் பாகம் வரலாம், வரத்தான் வேண்டும். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், முதல் பாகத்தில் ஜனங்கள் கை தட்டிய இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்து வருகிற இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கே துரோகம் செய்கிறது.

உலகம் அறிந்த ஓர் உதாரணத்தைச் சொல்லுகிறேன். மரியோ பூஸோ 1969-ல் எழுதிய 'காட்பாதர்' நாவலை பிரான்ஸிஸ் போர்டு கொப்போலா 1972-ல் படமாக்கினார். பணமும் புகழும் குவிந்தன. அந்த ஆண்டின் சிறந்த படம் என்ற ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. குடும்பத் தொழிலாகிய கொலையிலும் கொள்ளையிலும் கலக்காமல் ஒதுங்கி நின்ற கடைக்குட்டி மகன் மைக்கேல், தந்தையைக் காப்பாற்றுவதற்காக உள்ளே நுழைந்து, கடைசியில் தந்தையின் ஆசனத்திலேயே உட்காருகிறான். தங்கையின் புருஷனைக் கொல்லச் சொன்னது நீதானா என்று அவன் மனைவி கேட்கிறாள். இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லுகிறான். அவளும் நம்பிவிடுகிறாள். அடுத்த அறையில் ஆட்கள் அவன் கையை முத்தமிடுகிறார்கள். வெளியில் நிற்கும் அவளுக்கும் அவனுக்கும் நடுவே கதவு சாத்தப்படுகிறது. படம் முடிந்துவிட்டது.

கதை முடிந்துவிட்டது, சரி. சாத்திய கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் எத்தனை நாள் நிற்பாள்? குடும்பத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவன் கையில் குடும்பம் மிஞ்சுமா? முதல் படம் வைத்துவிட்டுப் போன கடன் இதுதான். 1974-ல் வந்த இரண்டாம் பாகம் முழுவதும் இந்த ஒரு கணக்கைத்தான் பார்க்கிறது. மைக்கேல் பகைவர்களையெல்லாம் ஜெயிக்கிறான். தன்னைக் காட்டிக்கொடுத்த சொந்த அண்ணன் பிரெடோவை, ஏரியில் படகில் உட்கார்ந்து ஜபம் சொல்லிக்கொண்டே மீன் பிடிக்கிறபோது சுட்டுக் கொல்லச் செய்கிறான். குழந்தைகளைப் பார்க்க ரகசியமாக வந்த மனைவியின் முகத்துக்கு எதிரே, இந்தத் தடவை தன் கையாலேயே கதவைச் சாத்துகிறான். முதல் படத்தில் கதவைச் சாத்துவதற்கு ஓர் ஆள் இருந்தான். இரண்டாவதில் அவனே சாத்துகிறான். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லவே மூன்றே கால் மணி நேரப் படம் எடுக்கலாம்.

இதோடு நிற்கவில்லை கொப்போலா. மகனுடைய வீழ்ச்சிக்குப் பக்கத்திலேயே தந்தையின் இளமையையும் வைத்தார். சிஸிலியிலிருந்து அநாதைச் சிறுவனாக 1901-ல் அமெரிக்கா வந்து சேர்ந்த விட்டோ எப்படித் தலையெடுத்தான் என்ற கதை அது. தந்தை குடும்பத்துக்காகக் குற்றவாளியானான். மகன் அதே குற்றத்துக்காகக் குடும்பத்தை இழந்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான், முதல் படத்தில் நாம் எதைக் கண்டு மயங்கினோம் என்பது நமக்கே உறைக்கிறது. முதல் படத்தில் வயதான விட்டோவாக மார்லன் பிராண்டோவும், இரண்டாவதில் இளம் விட்டோவாக ராபர்ட் டி நீரோவும் நடித்தார்கள்; இருவருக்கும் ஆஸ்கார் பரிசு அறிவிக்கப்பட்டது. சிறந்த படம் என்ற பரிசைப் பெற்ற முதல் 'இரண்டாம் பாகம்' இதுதான்.

அப்படியானால் மூன்றாம் பாகம்? பதினாறு வருஷம் கழித்து 1990-ல் அதுவும் வந்தது. கிழவனான மைக்கேல் பாவமன்னிப்புத் தேடி அலைகிறான். கடைசியில் நாடக அரங்கின் படிக்கட்டில் அவன் மகள் குண்டடிபட்டுச் சாகிறாள். கணக்குச் சரியான கணக்குத்தான். ஆனாலும் முதல் இரண்டின் பக்கத்தில் அதை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கொப்போலாவுக்கே திருப்தியில்லை போலும். 2020-ல் அதை மறுபடியும் வெட்டி ஒட்டிச் சீர்படுத்தி, 'மைக்கேல் கார்லியோனின் மரணம்' என்று வேறு தலைப்பில், ஒரு பின்னுரை மாதிரி வெளியிட்டார். கடன் பாக்கி இருக்கிறது என்பது மட்டும் போதாது, அதை வசூலிக்கிற வேகமும் கைவசம் இருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

பணம் கிடைத்ததால்தான் தொடர்ந்தார்கள் என்று யாராவது சொல்லலாம். அவர்களுக்குப் பதில் வங்காளத்தில் இருக்கிறது. சத்யஜித் ராய் 1955-ல் 'பதேர் பாஞ்சாலி' எடுத்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவல் அது. கிராமத்துப் பிள்ளைகளான துர்க்காவும் அபுவும் நாணல் காட்டினூடே ஓடி ரயிலைப் பார்க்கிற காட்சியை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். துர்க்கா இறந்துபோகிறாள். மிஞ்சிய குடும்பம் மாட்டு வண்டியில் காசிக்குப் புறப்படுகிறது. அதோடு படம் முடிகிறது.

அடுத்த வருஷமே ராய் 'அபராஜிதோ' எடுத்தார். தகப்பனும் காசியில் போய்விடுகிறான். தாய் சர்வஜயாவுக்கு இந்தப் பிள்ளை ஒருவன்தான் கதி. அவனோ படிப்பில் கெட்டிக்காரன். உபகாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு கல்கத்தாவுக்குப் படிக்கப் போகிறான். போனவனுக்கு ஊர் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. முதல் படத்தில் குழந்தைகளுக்கு அதிசயமாக இருந்த அதே ரயில், இந்தப் படத்தில் நோயாளித் தாய் மரத்தடியில் உட்கார்ந்து எதிர்பார்த்து ஏமாறுகிற ரயிலாகிவிடுகிறது. மின்மினிப் பூச்சிகள் பறக்கும் ஓர் இரவில் அவள் தனியாகவே முடிந்துபோகிறாள். மகன் வந்து சேரும்போது வீடு காலி.

ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. தாயை மறக்கிற பிள்ளையை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. படம் வங்காளத்தில் ஓடவில்லை. 1957-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் அதற்குத் தங்கச் சிங்கம் பரிசு கிடைத்தது வேறு விஷயம். பணக் கணக்குப்படி அதோடு அபுவைக் கைகழுவியிருக்க வேண்டும். ராய் நடுவில் வேறு இரண்டு படங்கள் எடுத்துவிட்டு, 1959-ல் 'அபுர் சன்ஸார்' என்று மூன்றாவதையும் எடுத்தார். தாயை விட்டுப் போன அபு இப்போது தகப்பனாகியிருக்கிறான். பிரசவத்தில் மனைவி இறந்துபோனாள் என்ற ஆத்திரத்தில் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அலைகிறான். தாய்க்குப் பட்ட கடனை மகனிடம்தான் தீர்க்க முடியும் என்று, வருஷங்கள் கழித்து அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொள்ளும்போதுதான் தீர்கிறது. மூன்று படங்களையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, முதல் படத்தின் கடைசியில் கிளம்பிய மாட்டு வண்டி இங்கேதான் வந்து நிற்கிறது என்று தோன்றும்.

அவ்வளவு தூரம் போவானேன் என்றால், அண்டை நாடான மலையாளத்திலேயே பார்க்கலாம். ஜீத்து ஜோசப் 2013-ல் எடுத்த 'திருச்யம்' நம் ஊரில் 'பாபநாச'மாக வந்தது. மகளைக் காப்பாற்ற ஒரு தகப்பன் போலீசாரை ஏமாற்றி ஜெயிக்கிறான். நாமும் கை தட்டிவிட்டு வந்தோம். 2021-ல் வந்த மலையாள இரண்டாம் பாகம், நாம் கை தட்டிவிட்டுப் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று காட்டிற்று. பெரிய பெண் போலீஸைக் கண்டாலே நடுங்கி விழுகிறாள். ஊர் முதுகுக்குப் பின்னால் பேசுகிறது. ஜெயித்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பிற்பாதியின் சாமர்த்தியங்களைவிட முற்பாதியில் இருக்கிற இந்தப் பயம்தான் எனக்கு நியாயமாகப் பட்டது.

இப்போது 'இந்திய'னுக்குத் திரும்பி வருகிறேன். நேதாஜியின் படையிலிருந்த சேனாபதி லஞ்சம் கொடுக்க மறுத்ததால் மகளைப் பறிகொடுத்தவர். மகன் லஞ்சம் வாங்கிக்கொண்டு கெட்டுப்போன பஸ்ஸுக்குச் சான்று கொடுக்க, பள்ளிக்கூடக் குழந்தைகள் மடிகிறார்கள். சட்டம் ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று அல்ல என்று மகனையும் அவர் கொல்லுகிறார். கொள்கைக்காக ஒரு மனிதன் எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வி 1996-ல் என் தூக்கத்தைக் கெடுத்தது. வர்ம அடியும் வேஷப் பொருத்தமும் எனக்கு அப்புறம்தான்.

இரண்டாம் பாகத்தில் நல்ல விதை ஒன்று இல்லாமலில்லை. இந்தத் தடவை மகன் தகப்பனைக் காட்டிக்கொடுக்கிறான். அதனால் தாயை இழக்கிறான். 'திரும்பி வா' என்று கிழவரை அழைத்த ஜனங்களே 'திரும்பிப் போ' என்று விரட்டுகிறார்கள். என்ன அருமையான இடம்! தன் பேச்சைக் கேட்டுத் தன்னைப் போலவே குடும்பத்தை அழித்துக்கொண்ட இளைஞன் எதிரே நிற்கும்போது, மகனைக் கொன்ற அந்தக் கை நடுங்கியிருக்க வேண்டாமா? 'நான் செய்தது சரிதானா?' என்று அந்தக் கிழவர் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்துக்காக இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தது வீணில்லை என்று நான் எழுந்து வந்திருப்பேன். ஆனால் விலை கொடுக்கிறவர்கள் வேறு யார் யாரோ. நூறு வயதைத் தாண்டிவிட்ட கிழவரோ அடி பிறழாமல் சண்டை போட்டுவிட்டு அடுத்த பாகத்துக்குத் தப்பித்துப் போகிறார். வயது அவருடைய உடம்பிலும் ஏறவில்லை, மனசிலும் ஏறவில்லை.

இங்கே நியாயமாக ஓர் ஆட்சேபணையை ஒப்புக்கொள்ள வேண்டும். 'அரண்மனை' 2014-லிருந்து 2024-க்குள் நாலு பாகம் வந்தது. அதில் கடனாவது, கணக்காவது? வீடு, பேய், சிரிப்பு. திருவிழாவுக்குப் போகிறவன் போன வருஷத் தேரே இந்த வருஷமும் வருகிறதே என்று குறைப்படுவதில்லை. அது வராவிட்டால்தான் குறைப்படுவான். ஜப்பானில் 'தோரா ஸான்' என்ற ஊர் சுற்றி வியாபாரியை வைத்து யோஜி யமதா 1969-லிருந்து 1995 வரை நாற்பத்தெட்டுப் படங்கள் எழுதினார். இரண்டைத் தவிர எல்லாவற்றையும் அவரே இயக்கினார். ஒவ்வொன்றிலும் அவன் ஊருக்குத் திரும்புவான். ஒரு பெண்ணிடம் மனசைப் பறிகொடுப்பான். ஏமாந்து மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். ஜனங்கள் இருபத்தாறு வருஷம் சலிக்காமல் போய்ப் பார்த்தார்கள். ஆனால் கவனியுங்கள்: அங்கேயும் காலம் நிற்கவில்லை. தங்கையின் பிள்ளை திரையிலேயே வளர்ந்து வாலிபனாகிறான். நாயக நடிகர் கியோஷி அட்ஸுமி தளர்ந்ததும் காதல் கதை மருமகன் கைக்கு மாறி, மாமன் ஓரமாக உட்கார்ந்து யோசனை சொல்லுகிறவனாகிறான். 1996-ல் நடிகர் காலமானதும் தொடரும் நின்றது. அதே தேர்தான், ஆனால் வடம் பிடித்தவர்களுக்கு வயதாயிற்று. அதை மறைக்காததால்தான் அந்தத் தொடரில் உயிர் இருந்தது.

கடைசியில் சொல்லுவதாகச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். வசந்தா என்ற அக்கா. மூன்று தம்பிகளைப் படிக்க வைத்து ஆளாக்குகிறாள். கடைசித் தம்பியை வேலைக்கு வழியனுப்பிவிட்டு பஸ் நிலையத்தில் தனியாக நிற்பதோடு கதை முடிந்தது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. கடிதங்கள் குவிந்தன. 'பாவம், அவளுக்கு ஒரு கல்யாணம் பண்ணி வையுங்கள்' என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். ஆசிரியர் கூப்பிட்டு, "ஸார், வசந்தாவை விட்டுடாதீங்க. சூட்டோட சூடா இரண்டாம் பாகம் ஆரம்பிச்சுடுவோம்" என்றார். அந்தச் சமயத்தில் எனக்கும் பணம் வேண்டியிருந்தது. ஒரு நல்ல டாக்டரைச் சிருஷ்டித்து, முப்பது வாரத்தில் வசந்தாவை அவருக்குக் கட்டி வைத்தேன். எல்லாருக்கும் திருப்தி.

ஒரே ஒரு கடிதம் வேறு மாதிரி வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. முதல் பாகத்தைப் படித்தபோது தம்மைப் போல் இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று தைரியமாக இருந்ததாகவும், இப்போது அவளையும் நான் கரையேற்றிவிட்டேன் என்றும் எழுதியிருந்தார். 'இனிமேல் பஸ் நிலையத்தில் நான் மட்டும்தான் நிற்கிறேன்' என்று முடித்திருந்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கடிதத்துக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. அதன் பிறகு பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வசந்தாவின் கதையில் நான் வைத்துவிட்டு வந்த கடன் கல்யாணம் அல்ல. தான் ஆளாக்கிய தம்பிகளின் மேல் அவளுக்கு உள்ளூர ஒரு கசப்பு இருந்திருக்கும். தியாகம் செய்தவள் என்று எல்லாரும் புகழ்கிற வீட்டில் அந்தக் கசப்பை அவள் யாரிடம் சொல்லுவாள்? அதை எழுதியிருந்தால் அது இரண்டாம் பாகம். நான் எழுதியது வெறும் வசூல்.

இப்போது இரண்டு பாகங்களையும் ஒரே புத்தகமாகக் கட்டித்தான் விற்கிறார்கள். பஸ் நிலையத்தில் கதை முடிகிற பக்கத்தைத் திருப்பினால் உடனே டாக்டர் வந்துவிடுகிறார். பிரித்துப் போடும்படி கேட்டுப் பார்த்தேன். தடித்த புத்தகம்தான் போகிறது என்று பதில் வந்தது.

என் அண்ணன் மகனுக்கு அன்றைக்குச் சொல்லாத பதில் இதுதான். நன்றாக ஓடிய படத்தைத் தொடரலாமா என்று கேட்காதே, அப்பா. அந்த மனிதனுக்கு இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேள். இருந்தால் எத்தனை பாகம் வந்தாலும் நான் உன்னோடு வருகிறேன். டிக்கட்டும் நானே வாங்குகிறேன். இல்லாவிட்டால், பழைய 'இந்திய'னையே இன்னொரு தடவை வீட்டில் உட்கார்ந்து பார்ப்போம். அன்றைக்கு ராத்திரி உனக்குத் தூக்கம் வருகிறதா என்று காலையில் எனக்குச் சொல்லு.